வீட்டில் பூனை இருக்கும்போது நாய்க்குட்டி வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு பெங்களூர் லிங்கராஜபுரத்தில், இரண்டாவது மாடி. மிளகு என்று ஒரு கறுப்புக் கடுவன், 11 வயது. சுந்தரி என்று ஒரு மூவண்ணப் பூனை, 4 வயது. இந்த இருவரும் அரசாண்டுகொண்டிருந்த வீட்டுக்குள் போன வருஷம் ராகி வந்தாள். கேழ்வரகு நிறம், தெருநாய்க் குட்டி, 9 வாரம். அன்றிலிருந்து மாடிப்படியில், கப்பன் பார்க்கில், ஊரிலிருந்து வரும் போனில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். வாய் வலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, ஊசி விஷயத்தில் இங்கே இருப்பதைப் படித்துவிட்டு உங்கள் கால்நடை மருத்துவரையும் கேளுங்கள்.

ரெண்டு பூனை இருக்கிற வீட்ல நாய்க்குட்டி வளர்க்க முடியுமா? நாயும் பூனையும்னாலே சண்டைதானே?

முடியும். "நாயும் பூனையுமா இருக்காங்க" என்று நாம் சொல்வதெல்லாம் தெருவில் பார்த்ததை வைத்து. தெருவில் நாயைக் கண்டால் பூனை ஓடும். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் பிறவிக் குணம். அந்த ஓட்டமும் துரத்தலும் வீட்டுக்குள் ஒரு பழக்கமாகிவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டிப்பிடித்துத் தூங்கும் படங்களைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீர்கள். பூனை வீட்டுக்கார அம்மா. குட்டி புதிதாக அட்வான்ஸ் கொடுத்து வந்திருக்கும் குடித்தனக்காரர். இரண்டு பேரும் தோழிகளாக வேண்டும் என்று சட்டமில்லை. ஒரே ஹாலில் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் இருந்தால் அதுவே பெரிய வெற்றி.

பூனை நோயில் இருந்தாலோ, குட்டி போட்டிருந்தாலோ, முன்பு நாயிடம் கடிபட்டுப் பிழைத்ததாக இருந்தாலோ இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

எத்தனை மாசக் குட்டியா இருந்தா நல்லது?

எட்டு வாரம் முடிந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள். நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை. அதற்குள் பார்த்துப் பழகிய பூனை அதற்கு வீட்டில் ஒரு ஆள். அதற்கப்புறம் முதன்முதலாகப் பார்க்கும் பூனை ஒரு அதிசயப் பொருள். எட்டு வாரத்துக்கும் முன்பே பிரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளே அந்த வயதுக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. தாயோடும் கூடப்பிறந்ததோடும் கடித்து விளையாடித்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைத் தவறவிட்ட குட்டி அதை உங்கள் பூனையின் மேல் படிக்கும்.

பூனைக்கு இந்தக் காலம் இன்னும் குறுகலானது, ஏறத்தாழ 2 முதல் 7 வாரம். அந்த வயதில் நாயையே பார்க்காத பூனை இப்போது சுருக்கப் பழகவில்லை என்றால் அது பிடிவாதம் இல்லை.

எந்த ஜாதி நாய் பூனையோட ஒத்துப் போகும்?

நம் ஊர்ப் பெருமைகளான சிப்பிப்பாறை, கன்னி இரண்டும், இந்தப் பக்கத்து முதோலும், ஓடுவதைக் கண்ணால் பிடித்துத் துரத்த வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். முயலுக்கும் பூனைக்கும் அவற்றின் கண் பெரிய வித்தியாசம் பார்க்காது. ராஜபாளையமும் வேட்டைக்குப் போன வம்சம்தான். குட்டியிலிருந்து பூனையோடு வளர்ந்து அமைதியாக இருப்பவையும் உண்டு. ஆனால் முதல் நாய் வளர்க்கிறவர், வீட்டில் பூனையும் இருக்கிறது என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். லாப்ரடார் மாதிரி நாய்கள் பொதுவாகச் சுலபம், ஆனால் ஆறு மாதத்தில் 20 கிலோ எடையோடு அன்பாக மேலே விழும்.

தெருநாய்க் குட்டிகள் ஆளுக்கு ஒரு விதம். தத்தெடுக்கப் போகும்போது துள்ளிக் குதித்து உங்கள் மேல் ஏறும் குட்டியை விட, வந்து முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும் குட்டியைப் பாருங்கள்.

குட்டி வர்றதுக்கு முன்னாடி வீட்ல என்ன ரெடி பண்ணணும்?

தரை குட்டிக்கு, உயரம் பூனைக்கு. எல்லா அறையிலும் பூனை தரையைத் தொடாமல் ஏறி உட்கார ஓர் இடம் வேண்டும். நம் வீடுகளில் லாஃப்ட் இருப்பது பெரிய வரம். பழைய அண்டாவும் கொலுப் பெட்டியும் இருக்கிற லாஃப்டில் ஒரு ஓரத்தைக் காலி செய்து பழைய போர்வையைப் போடுங்கள். அதில் ஏற அலமாரி, அதில் ஏற மேஜை என்று படி அமைந்தால் போதும். பூனையின் சாப்பாடும் தண்ணீரும் உயரத்துக்குப் போகட்டும். இந்த மாற்றங்களைக் குட்டி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே செய்துவிடுங்கள். எல்லாம் ஒரே நாளில் மாறினால் பூனை அத்தனை பழியையும் குட்டியின் தலையில் போடும்.

அடுத்தது பால்கனி. துரத்தலுக்குப் பயந்த பூனை பால்கனிக் கம்பி வழியாக சஜ்ஜாவுக்குத் தாவும், அங்கிருந்து வழுக்கும். ஒன்றுமே இல்லாததற்குப் புறாவுக்காகக் கட்டும் நைலான் வலையாவது இருக்கட்டும். ஆனால் ஓரங்களில் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார் என்றால் பால்கனிக் கதவை மூடியே வைக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, ஒரு தடுப்பு. குழந்தைகளுக்குப் போடும் கம்பிக் கேட், திருகி மாட்டுவது, துளை வேண்டாம். கொசுவலைக் கதவை நம்பாதீர்கள். ராகி அதை ஒரு மத்தியானத்தில் கிழித்தாள்.

வந்த அன்னிக்கே பூனை முன்னாடி காட்டிடலாமா? ஒரேயடியா முடிஞ்சிடும்ல?

முடிந்துவிடும், நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் அல்ல. முதல் சந்திப்பில் பூனை பயந்து ஓடி, குட்டி துரத்திவிட்டால் இரண்டுமே அதை மறக்காது. வந்த அன்று குட்டி நேராகத் தன் அறைக்குப் போகட்டும். பூனைகள் வீட்டின் மற்ற பகுதியில் வழக்கம்போல் திரியட்டும். பூனையை அறையில் பூட்டிவிட்டுக் குட்டிக்கு ஹாலைக் கொடுப்பவர்கள்தான் அதிகம், விருந்தாளி என்று. அது தலைகீழ். குறைந்தது மூன்று நான்கு நாள் கதவு மூடியே இருக்கட்டும்.

வாசனை மாத்தி வைக்கணும்னு சொல்றாங்களே, அது எப்படி?

ஒரு பழைய துண்டைக் குட்டியின் படுக்கையில் ஒரு ராத்திரி போட்டு, காலையில் எடுத்து, பூனை சாப்பிடும் இடத்திலிருந்து நாலடி தள்ளி வையுங்கள். பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. நம் காலிலும் கதவு மூலையிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது "இது என்னுடையது" என்று கையெழுத்துப் போடுவது. இன்னொரு துணியால் அதன் கன்னத்தை மெல்லத் தடவி எடுத்துக் குட்டியின் அறையில் போடுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. முதல் நாள் துண்டைப் பார்த்து மிளகு சீறினான், வெறும் துண்டை. இரண்டாம் நாள் சுற்றிப் போனான். நான்காம் நாள் அதன் பக்கத்தில் வைத்த வேகவைத்த மீனை, ஒரு கண்ணைத் துண்டின் மேல் வைத்துக்கொண்டே தின்றான். ஐந்தாம் நாள் துண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தான். அடுத்த கட்டத்துக்கு அதுதான் பச்சை விளக்கு. இந்த நாட்களில் மூடிய கதவின் இரண்டு பக்கமும் சாப்பாடு வைப்பதும் நல்லது. தட்டை நாளுக்கு ஒரு சாண் கதவை நோக்கி நகர்த்துங்கள்.

எங்களுது ஒரு பெட்ரூம் வீடு. தனி ரூமுக்கு எங்க போறது?

ஷிப்ட் போட்டுக்கொள்ளுங்கள். நாய்க்குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கும். அது படுக்கையறையில் தூங்கும்போது ஹால் பூனைக்கு, பூனை படுக்கையறை அலமாரி மேல் தூங்கும்போது ஹாலில் குட்டிக்கு விளையாட்டு. இடத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் முந்தைய பதிலில் சொன்ன வாசனை வேலையும் தானாக நடக்கும். ஹாலில் மடக்குக் கம்பிக் கூண்டு ஒன்று வைத்தால் இன்னும் வசதி. ஆனால் கூண்டுக்குள் குட்டி சந்தோஷமாகப் போகப் பழகியிருக்க வேண்டும். கத்தக் கத்த உள்ளே தள்ளிப் பூட்டினால் பூனையைப் பார்க்கும்போதெல்லாம் அதற்கு எரிச்சல்தான் வரும்.

சரி, நேருக்கு நேர் முதல்ல எப்படிக் காட்டறது?

குட்டி சாப்பிட்டு, ஒன்றுக்கு இரண்டுக்குப் போய், விளையாடிக் களைத்த நேரம். கழுத்து பெல்ட்டில் இல்லாமல், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் செயின். ஒருவர் குட்டியோடு தரையில் பாய் போட்டு உட்காருங்கள். பூனையை யாரும் தூக்கி வரக் கூடாது. தூக்கி வந்தால் பயத்தில் அது ஏறித் தப்பிக்கும் மரம் உங்கள் முகம். கதவைத் திறந்து வையுங்கள், அதுவாக வரட்டும், வராமலும் போகட்டும்.

வேகவைத்த கோழியைத் துவரம்பருப்பு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். சைவ வீடென்றால் பனீர். குட்டி பூனையைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துணுக்கு. முதல் நாள் சுந்தரி பிரிட்ஜ் மேலிருந்து எட்டிப் பார்த்தாள், வால் நுனி மட்டும் ஆடியது. ராகி பார்த்தாள், விறைத்தாள், ஒரு காது மடிந்தும் ஒரு காது நிமிர்ந்தும் இருந்தது. "ராகி" என்றேன். திரும்பவில்லை. கோழித் துணுக்கை அவள் மூக்கருகே கொண்டு போனேன். மூக்கு முதலில் திரும்பியது, பிறகு தலை. இப்படிப் பதினோரு துணுக்கு, நாலு நிமிஷம். உள்ளே கூட்டிப் போய்விட்டேன். "நல்லாத்தானே இருக்கு, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே" என்று தோன்றுகிற அந்த நொடியில்தான் முடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இப்படிச் சின்னச் சின்னதாக.

எத்தனை நாள் ஆகும்?

சுந்தரிக்கு மூன்று வாரம். மிளகுக்கு ஏறக்குறைய நாலு மாதம். ஒரே வீடு, ஒரே குட்டி.

பூனை சீறுது, மூக்கிலேயே அறையுது. அதைத் திட்டணுமா?

கூடவே கூடாது. சீறுவது, "கிட்ட வராதே" என்று பூனை மரியாதையாகச் சொல்வது. அதைத் திட்டினால் அடுத்த முறை சொல்லாமலே அறையும். நகம் வெளியே வராத அறை ஒன்றிரண்டு வாங்கினால் குட்டிக்கு நல்ல பாடம். ஆனால் பாடம் ஏறுகிறதா என்று பாருங்கள். அறை வாங்கிப் பின்வாங்கினால் சரி. அறையை விளையாட்டு என்று நினைத்து மறுபடி பாய்ந்தால் நீங்கள் குறுக்கே போய்க் குட்டியை நகர்த்துங்கள். பூனை நகத்தை நுனி வெட்டி வைப்பது நல்லது. குட்டியின் கண் உருண்டையாக, தாழ்வாக, சரியாகப் பூனையின் கை எட்டும் உயரத்தில் இருக்கிறது.

குட்டி வாலைத்தானே ஆட்டுது, பாசமா விளையாடத்தானே போகுது. பூனை ஏன் இப்படிப் பயப்படுது?

இரண்டும் வேறு வேறு பாஷை பேசுகின்றன. நாயின் ஆடும் வால் பெரும்பாலும் உற்சாகம். பூனையின் ஆடும் வால் எரிச்சல். முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக் குட்டி கும்பிடுவது "வா விளையாடலாம்". பூனையின் கண்ணுக்கு அது பாயத் தயாராகிறது. பூனை மல்லாந்து படுத்தால் சரணாகதி என்று குட்டி நினைக்கும். நாலு காலிலும் நகம் தயாராக இருப்பது அதற்குத் தெரியாது.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஆட்டத்தை அல்ல, அசைவில்லாமையை. குட்டி வாய் மூடி, உடம்பு விறைத்து, இமைக்காமல் பூனையையே பார்க்கிறதா? அது விளையாட்டு இல்லை. உடனே பெயரைச் சொல்லித் திருப்புங்கள், திரும்பவில்லை என்றால் தூரத்தைக் கூட்டுங்கள். பூனைப் பக்கம் காது தலையோடு ஒட்டி, வால் பாட்டில் பிரஷ் மாதிரி உப்பினால் அன்றைய வகுப்பு முடிந்தது. பூனை குட்டியைப் பார்த்து மெதுவாகக் கண் மூடித் திறந்தாலோ, முதுகைக் காட்டிக்கொண்டு உடம்பை நக்க ஆரம்பித்தாலோ அன்றைக்கு உங்களுக்கு ஒரு காபி.

குட்டிக்கு "விடு"ன்னு சொல்லிக் கொடுக்கணும்னு சொல்றாங்க. எங்க வீட்ல ஆளுக்கு ஒரு பாஷை பேசறோமே?

இது பெங்களூருக்கே உரிய சங்கடம். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் "பிடு, பிடு" என்பார், விட்டுவிடு என்று. மாமியார் அதைக் கேட்டு, "பூனையைப் பிடின்னு சொல்லிக் கொடுக்கறாளே" என்று பதறிப்போனார். பையன் ஆங்கிலத்தில் கத்துவான். ராகி மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் பூனையைப் பார்ப்பாள். கடைசியில் வீடு மொத்தமும் "விடு" என்ற ஒரே சொல்லுக்கு வந்தோம். கையில் மூடிய பிஸ்கட்டை முகர்ந்து, விட்டு விலகினால் வேறு நல்லது கிடைக்கும் என்று தொடங்கி, பந்து, செருப்பு, கடைசியாகத்தான் பூனை. "பாய்" என்றால் போய்ப் பாயில் படுப்பது இரண்டாவது சொல். இந்த இரண்டும் போதும்.

சின்ன யோசனை ஒன்று. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பது பழைய கேள்வி. எங்கள் வீட்டில் நாய்க்குட்டிக்குக் கட்டினோம். அல்சூர் கடைத்தெருவில் வாங்கிய ஒற்றைச் சலங்கை. எந்த அறையிலிருந்து குட்டி வருகிறது என்று பூனைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் திடுக்கிடல் பாதியாகக் குறைந்தது.

பூனை சாப்பாட்டைக் குட்டி காலி பண்ணிடுது. பூனைக்கு நாய்ச் சாப்பாடு போட்டா ஒரே செலவாப் போயிடுமே?

பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலேயே கிடைக்க வேண்டும், அதன் உடம்பு போதிய அளவு தயாரிக்காது. நாய் உணவில் அது பூனைக்குத் தேவையான அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். அதனால் அந்தச் சிக்கனம் வேண்டாம். எதிர்ப்பக்கம், பூனை உணவில் புரதமும் கொழுப்பும் அதிகம், அதைத் தினமும் திருடும் குட்டிக்கு வயிறு போகும். முன்பு சொன்னபடி தட்டு உயரத்தில் இருக்கட்டும். நாள் முழுக்கத் தட்டில் போட்டு வைக்காமல் வேளைக்கு வைத்து இருபது நிமிஷத்தில் எடுத்துவிடுங்கள்.

சொல்லவே கூச்சமா இருக்கு. குட்டி பூனையோட லிட்டர் பெட்டியில, அதான் பூனை கக்கா போற மணல் பெட்டியில, போய்...

தின்கிறது. அதானே? நிறைய நாய்க்குட்டிகளுக்கு உள்ள ஆசை, சத்துக் குறைவு என்று பயப்பட வேண்டாம். பூனை தின்ற புரதத்தின் வாசனை அதில் இருக்கிறது. ஆனால் குடற்புழு வரும், நனைந்தால் கட்டியாகும் மணலைச் சேர்த்து விழுங்கினால் குடல் அடைக்கும். பெட்டியைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பூனை மட்டும் நுழையக்கூடிய இடத்தில் வையுங்கள். பாத்ரூம் கதவைப் பூனை நுழையும் அளவு மட்டும் திறந்து கொக்கி மாட்டுவது நாங்கள் செய்தது. குட்டி வளர வளர இது இன்னும் நன்றாக வேலை செய்யும். பெட்டி இருக்கும் இடத்தில் பூனை மடக்கிப் பிடிக்கப்பட்டால் அடுத்து உங்கள் மெத்தைதான் பெட்டி.

உண்ணி மருந்து வாங்கினேன். அதையே பூனைக்கும் கொஞ்சம் போடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். நாய்க்கு முதுகில் விடும் பல உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து பூனையைக் கொல்லும். அதை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் செய்ய முடியாது. பூனைக்கு நேரடியாகப் போட வேண்டும் என்றுகூட இல்லை. மருந்து போட்ட குட்டியோடு உரசிப் படுத்தாலோ அதை நக்கினாலோ போதும். எங்களுக்கு ஒரு கடையில் "ரெண்டுக்கும் போடலாம் மேடம்" என்றே எடுத்துக் கொடுத்தார்கள். அட்டைப் பெட்டியில் பொடிசாக ஒரு பூனைப் படமும் அதன் மேல் குறுக்குக் கோடும் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

பூனை வீட்டில் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். குட்டிக்கு வாய் வழி மாத்திரை தருவார், வயதும் எடையும் பார்த்து. அமிட்ராஸ் கலந்த குளியல் மருந்தும் பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. தப்பித் தவறிப் பூனைமேல் பட்டு, காது துடித்து உடம்பு நடுங்க ஆரம்பித்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருந்து அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

குட்டி வீட்டுக்குள்ள ஒன்றுக்குப் போகுது. பினாயில் போட்டுத் துடைச்சா போதும்ல?

மேலே சொன்ன அதே கல்லீரல் கதைதான். பினால் வகைக் கிருமிநாசினிகள், அதாவது கறுப்பு பினாயிலும், தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும் பலவும், பூனைக்கு நஞ்சு. தரையில் நடந்து, பாதத்தை நக்கி, உள்ளே போகும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெந்நீரால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். நாற்றம் போகாத இடத்தில் என்சைம் கிளீனர்.

ஒண்ணோட நோய் இன்னொண்ணுக்கு ஒட்டுமா? பூனை வெளியவே போறதில்ல, அதுக்கும் ஊசி வேணுமா?

வேண்டும். இனிமேல் தினமும் இரண்டு மூன்று தடவை தெருவுக்குப் போய் வரும் ஓர் ஆள் வீட்டில் இருக்கிறார். 1978-இல் உலகம் முழுக்கப் பரவிய நாய்களின் பார்வோ வைரஸ், பூனைகளின் பான்லுகோபீனியா வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். இப்போது சுற்றிவரும் பார்வோ வகைகள் பூனைக்கும் தொற்றக்கூடியவை. செருப்போடு வீட்டுக்குள் வரும், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பூனைக்கு மூன்று நோய்க்கான கூட்டு ஊசியும் ரேபிஸ் ஊசியும் முடிந்திருக்கட்டும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் வரை தொடர் ஊசி. ரேபிஸ் மூன்று மாதத்தில். தெள்ளுப்பூச்சி, நாடாப்புழு, படர்தாமரை மூன்றும் இரண்டுக்கும் பொது, மூன்றாவது உங்களுக்கும் பொது.

சமாதானம் செய்யப் போய் உங்களுக்குக் கீறலோ கடியோ பட்டால் 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரி. வீட்டுப் பிராணிதானே என்று விடாதீர்கள்.

பூனை கட்டில் அடியிலேயே கிடக்குது, சாப்பிடவும் மாட்டேங்குது. கோபமா?

ஒரு நாள் கோபம் என்று விடலாம். முழுதாக ஒரு நாளுக்கு மேல் எதையும் தொடவில்லை என்றால் டாக்டர். சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும், குண்டுப் பூனைக்குச் சீக்கிரமே. இன்னொன்று, மன அழுத்தம் பூனையின் மூத்திரப்பையில் போய் உட்காரும். பெட்டிக்குப் பத்து தடவை போய் முக்கி முக்கிச் சொட்டுக்கூட வராமல் வந்தால், குறிப்பாகக் கடுவனாக இருந்தால், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு உயிரை எடுக்கும். மெத்தையில் மூத்திரம் போனாலும் பழிவாங்குகிறது என்று அடிக்காதீர்கள். ஒன்று வலி, இல்லையென்றால் பெட்டிக்குப் போகும் வழியில் குட்டி நிற்கிறது. எதுவானாலும் மூடிய கதவுக் கட்டத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி தொடங்குங்கள்.

மாமியார் சொல்றாங்க, ஒரு தடவை அடிச்சுக்கிட்டா தானா சரியாயிடும்னு. உண்மையா?

கிராமத்து வீட்டில் அது உண்மையாக இருந்திருக்கும். அங்கே பூனைக்கு ஓட்டுக்கூரை இருந்தது, வைக்கோல்போர் இருந்தது, பக்கத்து வீடு இருந்தது. 600 சதுர அடியில் சோபாவின் பின்பக்கம்தான் இருக்கிறது. என் மாமியாரும் இதைத்தான் சொன்னார். மிளகு அவர் புடவையில் ஏறித் தப்பித்த அன்றைக்குப் பிறகு சொல்லவில்லை.

ரெண்டு பேரும் ஆபீஸ் போறோம். தனியா விட்டுட்டுப் போகலாமா?

குட்டிக்கு ஒரு வயதாகும் வரை, அதற்குமேல் குறைந்தது ஒரு மாதம் துரத்தலே இல்லாமல் ஓடியிருக்கும் வரை, கூடாது. நடுவில் தடுப்பு இருக்க வேண்டும், அதுவும் கதவாக இருந்தால் நல்லது. குட்டியை எட்டு மணி நேரம் அறையில் பூட்டுவதும் நியாயமில்லை, மத்தியானம் யாராவது வந்து போக ஏற்பாடு செய்துவிட்டுத்தான் நாய் வளர்க்கும் பேச்சே.

ஆறு மாசம் நல்லா இருந்துச்சு. இப்போ திடீர்னு துரத்த ஆரம்பிச்சிடுச்சு. என்ன ஆச்சு?

விடலைப் பருவம். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை கற்றதெல்லாம் மறந்த மாதிரி நடக்கும், உடம்பும் பெரிதாகிவிட்டது. திட்டுவதால் பயனில்லை. சில வாரம் வீட்டுக்குள்ளும் செயின், பழையபடி கோழித் துணுக்கு, நடையைக் கூட்டுவது.

பட்டாசு, இடி நேரத்தில் நடந்தால் கதை வேறு. சத்தத்துக்கு மிரண்ட பூனை, சத்தத்தை அறைய முடியாமல் பக்கத்தில் நிற்பவரை அறையும். அதற்கப்புறம் அந்த முகத்தைப் பார்த்தாலே சத்தம் ஞாபகம் வரும். தீபாவளி வாரத்தில் இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துவிடுங்கள், எவ்வளவு சிநேகமாக இருந்தாலும்.

ஒத்தே வரலைன்னா என்ன செய்யறது?

குட்டி பூனையை ஒரு முறை கவ்வி உதறியிருந்தால் இனி வீட்டுக் குறிப்புகள் போதாது. கால்நடை மருத்துவரிடம் போங்கள், நடத்தைப் பயிற்சி தெரிந்தவரை அவர் சொல்வார். அதற்கும் பிறகு முடியவில்லை என்றால் பூனை இல்லாத நல்ல வீட்டைத் தேடிக் கொடுப்பது துரோகம் இல்லை. ராத்திரியில் வேறு ஏரியாவில் இறக்கிவிட்டு வருவதுதான் துரோகம், சட்டப்படி குற்றமும்கூட.

கடைசியா ஒண்ணு. மிளகும் ராகியும் இப்போ ஃபிரெண்ட்ஸா?

இல்லை. போன மே மாதம் ஒரு ராத்திரி நல்ல இடி, கரண்ட் போய்விட்டது. ராகி சலங்கை குலுங்க ஓடிக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். அங்கே ஏற்கெனவே மிளகு இருந்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு தடவை சீறினான். பிறகு ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தான், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு.